வெறும் வயிற்றில் வந்தவர்கள்

இடுப்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுவந்து ஜெயப்ரியா இழுத்துப் பிடித்தபோது சாந்தம்மா கூச்சத்தில் நெளிந்தாள். “ஜாக்கெட் தைக்கிறவகூட இப்படிச் சுத்திச் சுத்தி அளக்க மாட்டா கண்ணு” என்றாள். ஜெயப்ரியாவுக்கும் சிரிப்பு வந்து நாடா கைநழுவியது. வயிற்றை எக்காமல் சும்மா நிற்கச் சொல்லி மறுபடி அளந்தாள். எண்பத்து மூன்று சென்டிமீட்டர். மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் நோட்டைச் சாய்த்துவைத்து எழுதிக்கொண்டாள்.

இந்த ஒரு எண்ணுக்காகத்தான் அவள் அன்று காலை கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பாறையூர் வந்திருந்தாள். மருத்துவக் கல்லூரியில் அவள் மூன்றாம் ஆண்டு. மாணவர்களே செய்யும் சிறு ஆய்வுகளில் அந்த வருடம் அவளுடையதும் ஒன்றாகத் தேர்வாகியிருந்தது. கம்பெனி வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண்களுக்குச் சர்க்கரை நோய் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் தலைப்பு. வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறையூர் அங்கன்வாடியில் அறுபது பெண்களிடம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, உயரம், எடை, இடுப்பளவு எல்லாம் எழுதியிருந்தாள். விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உதவிய வகுப்புத்தோழன் நவீன்குமார்தான் கண்டுபிடித்தான், பதினேழாம் வரிசையில், சாந்தம்மாவின் இடுப்பளவுக் கட்டம் காலி. “எண்பதுன்னு போட்டு விடு. யார் வந்து அளந்து பாக்கப்போறா?” என்றான். அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் காலிக் கட்டம் பல்லில் மாட்டிய நார் மாதிரி இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை காலையில் வகுப்பு இல்லை என்றதும் கிளம்பிவிட்டாள்.

கட்டம் நிரம்பிவிட்டால் அறிக்கை முடிந்தது. முடிவும் சாதாரண முடிவு அல்ல. அறுபது பேரில் இருபத்தாறு பேருக்குச் சர்க்கரை எல்லைக்கு மேலே இருந்தது. ஆய்வுக்கு வழிகாட்டியான டாக்டர் மேகலா அந்த எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சென்னையில் நடக்கும் மாணவர் மாநாட்டில் வாசிக்க அனுப்பலாம் என்று அவரே சொன்னார். ஓசூரில் அம்மா அந்தச் செய்தியைக் கேட்டுப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்திருந்தாள். அறிக்கை கொடுக்க இன்னும் பதினாறு நாள் இருந்தது.

அந்த இருபத்தாறு பேரில் சாந்தம்மாவும் ஒருத்தி. நூற்று முப்பத்தொன்று என்று எழுதிய சீட்டு போன மாதம் அவளுக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மறுபடியும் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதில் எழுதியிருந்தது. செருப்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவளுக்கு அதற்கு நேரம் அமையவில்லை. அதற்குப் பதில் அவளே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். களி உருண்டையைப் பாதியாக்கினாள். சிறுகுறிஞ்சான் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். கொல்லையில் நின்ற நீலம் மாமரத்தின் பக்கம் போவதை நிறுத்தினாள். சீசன் முடிகிற காலத்தில் காய்க்கும் மரம் அது. கிளை தாழ்ந்து, கொல்லை வாசலில் நின்றபடியே கை எட்டிப் பறிக்கிற உயரத்தில் காய் தொங்கியது.

“இந்த வருசம் ஒண்ணுகூட வாயில வைக்கல கண்ணு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தாச்சு. நீ ஒரு பை எடுத்துட்டுப் போ” என்றாள் சாந்தம்மா. அவள் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. டாக்டருக்குப் படிக்கிற பெண்ணிடம், சொன்ன சொல் தவறாமல் நடக்கிறேன் என்று காட்டுகிற பெருமைதான் இருந்தது. அவள் கன்னம் போன முறை பார்த்ததைவிட ஒட்டியிருந்ததை ஜெயப்ரியா கவனித்தாள். சர்க்கரை நோயில் உடம்பு இளைக்கும் என்று படித்தது நினைவுக்கு வந்தது.

பேசிக்கொண்டே சாந்தம்மா உள்ளே போய் ஒரு சொம்பு கூழோடு வந்தாள். மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ். சின்ன வெங்காயம் ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். முழுச் சொம்பும் காலியானது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “உனக்கும் கொண்டாரட்டா? உப்பு கம்மியாப் போட்டுத் தரேன்” என்றாள்.

ஜெயப்ரியாவும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல்தான் வந்திருந்தாள். இருந்தாலும் மரியாதைக்கு, “வேணாம்க்கா. நீங்க சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவைத்தாள்.

“நான் எங்க இன்னும் சாப்புட்டேன்? பத்து மணி ஆவும்.”

ஜெயப்ரியா அவள் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். உள்விளிம்பில் கூழ் வழிந்த தடம் இன்னும் ஈரமாக இருந்தது.

“இப்பதானே அக்கா சாப்ட்டீங்க?”

“இதுவா? இது கூழுதான. கூழு குடிச்சேன். சாப்புடல.”

கொட்டகையில் மாடு கழுத்தை அசைத்தது. மணி ஒருமுறை ஒலித்து நின்றது. ஜெயப்ரியா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டாள். “அன்னிக்கு அங்கன்வாடிக்கு ரத்தம் கொடுக்க வந்தீங்களே அக்கா. அன்னிக்குக் காலையில?”

“அன்னிக்கும் குடிச்சிட்டுத்தான் வந்தோம். குடிக்காம வந்து மயக்கம் போட்டு விழவா? நீ சாப்புடாம வரச் சொன்ன. சாப்புடல.” சாந்தம்மாவின் முகம் மாறியது. தன் வார்த்தையைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். “மாரியம்மா சத்தியமா நான் பொய் சொல்லல கண்ணு. அன்னிக்கு நான் சாப்புடவே இல்ல.”

அவள் பொய் சொல்லவில்லை என்பது ஜெயப்ரியாவுக்குத் தெரிந்தது. அந்த ஊரில் ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. படிவத்தில் ‘கடைசியாக உணவு உட்கொண்ட நேரம்’ என்று அச்சடித்திருந்தது. அதை எளிமையாக்குவதாக நினைத்து, “சாப்ட்டு எவ்ளோ நேரம் ஆச்சு?” என்று அறுபது பேரிடமும் கேட்டது அவள்தான். அறுபது பேரும் ராத்திரி எட்டு மணிக்கு, ஒன்பது மணிக்கு என்று சொன்னார்கள். அவளும் சந்தோஷமாக டிக் போட்டாள். ஓசூரில் இட்லி தோசை சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மோட்டார் கம்பெனி வேலைக்கு வந்தவர். அவர்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பார்கள். கூழ் என்பது ஆடி மாதம் கோயிலில் வாங்கிக் குடிக்கும் பிரசாதம். ஒரு ஊரே தினமும் காலையில் வயிறு நிறையக் குடித்துவிட்டு, அதைச் சாப்பாட்டில் சேர்க்காது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கூழ் குடித்து ஒரு மணி நேரத்தில் யாருடைய ரத்தத்தை எடுத்தாலும் சர்க்கரை ஏறித்தான் இருக்கும்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில் ஐந்து வீட்டில் நின்று கேட்டாள். இந்த முறை வேறு மாதிரிக் கேட்டாள். ஐந்து பேரும் அன்று கூழ் குடித்திருந்தார்கள். அங்கன்வாடி ஊழியர் முனிலட்சுமி அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ‘எல்லாரும் சாப்பிடாமல் வாருங்கள்’ என்று அன்று ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் போனில் குரல் செய்தி அனுப்பியவர் அவர்தான். கேட்டதும் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். “நானும் ஒரு சொம்பு குடிச்சிட்டுத்தானம்மா அன்னிக்கு வந்து உக்காந்தேன்” என்றார்.

மாம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயப்ரியா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் சாந்தம்மா கட்டிக் கொடுத்துவிட்டாள். பழத்தின் வாசனை பஸ் முழுவதும் பரவியது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, “நீலமா?” என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். வழியெல்லாம் அவள் மனதில் ஒரு கூட்டமே பேசிக்கொண்டிருந்தது. இருபத்தாறு என்ற எண் அவ்வளவு அழகாக இருந்தது. அதற்கு அவள் போட்ட வரைபடத்தில் நீலக் கம்பமும் சிவப்புக் கம்பமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்களுக்கேகூடத் தெரியாது. ஆனால் பாதிக் களியோடு எழுந்துவிடுகிற ஒருத்தி அங்கே இருக்கிறாள். அந்த மீதிப் பாதியை அவள் தட்டிலிருந்து எடுத்தது தன்னுடைய பேனாதான் என்ற நினைப்பு வந்ததும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாமியிடம் எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அந்தக் காலிக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவைத்து, என்னை இந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட்டது நீதானே என்று மட்டும் கேட்டாள்.

நவீன்குமார் கேன்டீனில் பழத்தை வெட்டித் தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டான். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் யோசித்தான். அறிக்கையின் கடைசியில் குறைபாடுகள் என்று ஒரு பத்தி வரும் அல்லவா, அங்கே ஒரு வரி போதும் என்றான். வெறும் வயிறு என்பது அவர்களே வாயால் சொன்னது, நாம் சோதிக்கவில்லை என்று எழுதிவிட்டால் அதில் பொய்யே கிடையாது, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றான். அவன் கெட்டவன் இல்லை. தோழி ஒன்றரை மாதம் வெயிலில் அலைந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

“அந்த வரிய சாந்தம்மா படிப்பாங்களாடா?” என்றாள் ஜெயப்ரியா.

அவன் கொட்டையைச் சப்புவதை நிறுத்தினான். “இந்தப் பழம் அவங்க கொடுத்ததா?” என்றான்.

டாக்டர் மேகலாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மாநாட்டுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. துறைத் தலைவரிடமும் சொல்லியாயிற்று. ஜெயப்ரியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கூழ், சொம்பு, வெங்காயம் எதையும் விடவில்லை. முடிந்ததும் மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நெடுஞ்சாலையில் லாரிகள் பெங்களூர்ப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

“நான் இந்த மாவட்டத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு” என்றார் மேகலா. “ஒன்பது வருஷமா சாப்ட்டீங்களா, சாப்ட்டீங்களான்னுதான் நானும் கேட்டுட்டு இருக்கேன். அந்தப் படிவம் நான் எழுதினதுதான்மா.”

மேகலா எழுந்து அலமாரியைத் திறந்து பழைய கோப்புகளைப் பார்த்தார். ஒன்றையும் எடுக்காமல் மூடினார். அறிக்கைத் தேதியைத் தள்ளிவைக்க மாட்டார்கள் என்றார். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தான் வாங்கித் தருவதாகவும், ஆனால் அதற்குள் அறிக்கை முடியாமல் போனால் இந்த வருடத்து ஆய்வுச் சான்றிதழ் போனது போனதுதான் என்றும் சொன்னார். எப்படிச் செய்யலாம் என்று அவளையே கேட்டார்.

“முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லிடறேன் மேடம்” என்றாள் ஜெயப்ரியா.

மறுபடி சோதனை செய்ய, ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் மருந்து வேண்டும். அதற்கு ஆய்வகத்துக்குப் போய்க் குருமூர்த்தியிடம் நின்றாள். அவர் ஆய்வக டெக்னீஷியன், பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், நெற்றியில் நாமம் இல்லாமல் வரமாட்டார். கதையைக் கேட்டுவிட்டு, “எங்க ஊர்லயும் களிக்குச் சங்கட்டி, அதைத்தான் தின்னோம்னு சொல்வாங்க, கூழுக்கு அம்பலி, அது தாகினோம், குடிச்சோம்தான். நீ என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல பாப்பா” என்று அங்கலாய்த்தார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பெட்டியைத் திருப்பித் தேதியைக் காட்டினார். அந்த மருந்து மாதக் கடைசியோடு காலாவதி. சாக்கடையில் ஊற்றுவதற்குப் பதில் பாறையூருக்குப் போகட்டும் என்றார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று தானே வருவதாக நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

குழுவும் அனுமதி கொடுத்துவிட்டது. அடுத்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம், முதல் ஷிப்ட் பஸ் வந்து நின்ற பிறகு, அங்கன்வாடி முற்றத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். கம்பெனிச் சீருடையோடு வந்தவர்களும் இருந்தார்கள். சுவரில் அ, ஆ எழுத்துக்கும் யானைப் படத்துக்கும் நடுவில் நின்று ஜெயப்ரியா பேசினாள். நான் கேட்ட கேள்வி தப்பு, நீங்கள் சொன்ன பதில் சரி என்றுதான் தொடங்கினாள். அப்படி ஒரு டாக்டர் பேசி அவர்கள் கேட்டதில்லை.

முதலில் வாய்திறந்தது பூவம்மாள். “அப்ப எனக்குச் சக்கர இல்லியா? ஒரு மாசமா என் மருமவ காப்பியக் கசக்கக் கசக்கக் கொடுக்கறா. கேட்டா, டாக்டரம்மா சொல்லிட்டாங்கங்கறா. அவளுக்கு என்னா சந்தோசம்கிற!”

எல்லாரும் சிரித்தார்கள். மருமகளும் அங்கேதான் இருந்தாள். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் ஜெயப்ரியா சிரிக்க முடியாமல் நின்றாள். இல்லை என்றும் அவளால் சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அன்று எடுத்த ரத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் மறுபடியும் கை நீட்டச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறேன் என்றாள்.

சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் ஜோதியம்மாள் எழுந்தாள். “எங்க வீட்ல ஒரு மாசமா எனக்குச் சக்கரக்காரின்னு பேரு. தட்டக்கூடத் தனியா வெச்சிட்டாங்க. ஒட்டுவாரொட்டியா அது? இப்ப வந்து தப்புன்னா?” என்று கேட்டாள். கத்தவில்லை. பதிலுக்கும் நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெயப்ரியா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அந்தத் தட்டுக்கு முன்னால் அது மிகச் சின்னதாகப் பட்டது.

அப்போதுதான் சாந்தம்மா எழுந்து முன்னால் வந்தாள். ஜெயப்ரியாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ஆனால் ஒரு கூட்டத்துக்கு முன்னால் தனியாக நிற்கிறவளுக்குப் பக்கத்தில் வந்து இன்னொரு ஆள் நிற்பது எவ்வளவு பெரியது என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

“கண்ணு, வெறும் வயித்துல வா, சாப்புடாம வான்னு எல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு?” என்றாள் சாந்தம்மா. “ஒருபொழுது இருந்து வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கூழு என்ன, ஒருத்தியும் ஒரு வாய் காப்பி தொட்டிருக்க மாட்டா.”

முற்றம் முழுக்க “அதான”, “அதச் சொல்லு” என்று ஒரே குரல் எழுந்தது. சாமிக்கு விரதம் இருப்பதுதான் அங்கே ஒருபொழுது. அதற்கு யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் அதில் இரண்டு அர்த்தம் இல்லை. ஜெயப்ரியா நோட்டைத் திறந்து அந்தச் சொல்லை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். நாளைக்கு ஆடி இரண்டாம் ஞாயிறு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள், அம்மனுக்கு ஊற்றுகிற வரைக்கும் ஊரே ஒருபொழுதுதான் என்று முனிலட்சுமி நினைவுபடுத்தினார். காலையில் ரத்தம், அப்புறம் கூழ். எல்லாம் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அன்று இரவு நவீன்குமார் படிவத்தைத் திருத்தினான். ‘உணவு உட்கொண்ட நேரம்’ இருந்த இடத்தில், ‘ஒருபொழுது இருந்தீர்களா?’ என்று வந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கல்லூரி ஜீப் பாறையூருக்குள் வந்தபோது மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலை குளித்து, ஈரக் கூந்தலில் முடிச்சுப் போட்டு, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, நோன்புக்கு வந்தவர்களாகவே வந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு சுத்தமாக யாரும் வந்து தான் பார்த்ததில்லை என்றார் மேகலா. அவரும் வந்திருந்தார். விரிப்பு மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியிடமும் புதுக் கேள்வியைத் தானே கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, “இருந்தேன்” என்று சொல்வதை அவர் எழுதாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

குருமூர்த்திக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டார்கள், நரம்பு கிடைக்கவில்லை. “தண்ணி தாகலாம்மா, தண்ணிக்குச் சக்கர கெடையாது” என்று கெஞ்சிப் பார்த்தார். ஒருத்தியும் கேட்கவில்லை. அம்மனுக்கு முன்னால் ஒரு பேச்சு, ஊசிக்கு முன்னால் ஒரு பேச்சா என்று பூவம்மாள் கேட்டாள். அவர் முழங்கையைத் தட்டித் தட்டி, பெருமாளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு நரம்பாகத் தேடி எடுத்தார். சாம்பல் மூடி போட்ட கண்ணாடிக் குழாய்கள் ஐஸ் பெட்டியில் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சிறு வெள்ளைச் சீட்டு.

ரத்தம் கொடுத்து முடித்தவர்கள் வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு பானை, குடம், தூக்கு என்று கூழ் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைத்தார்கள். வேப்பிலை சொருகிய பாத்திரங்கள் வாசலில் சேர்ந்துகொண்டே போயின. எந்தப் பானை யாருடையது என்று சண்டை வரக்கூடாது என்று குருமூர்த்தி மிச்சமிருந்த வெள்ளைச் சீட்டுகளை எடுத்துக் குழாய்க்கு ஒட்டிய அதே எண்ணைப் பானைக்கும் ஒட்டிவிட்டார். ஏழு, இருபத்திரண்டு, நாற்பது. பூசாரி வந்து பார்த்தார். எண்களின் மேலேயே மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

ஐம்பத்து நான்கு பேர் ஆயிற்று. இரவு ஷிப்டில் சாப்பிட்டுவிட்டு வந்த நான்கு பேரை மேகலா திருப்பி அனுப்பினார். இன்னும் இரண்டு பேரைக் காணோம். குருமூர்த்தி பெட்டியை மூடப் போகும்போது வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் நின்றது. ஜோதியம்மாள். அவள் யாரையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். ஜெயப்ரியா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஊசி இறங்கும்போது ஜோதியம்மாளின் இன்னொரு கை காற்றில் துழாவி ஜெயப்ரியாவின் துப்பட்டா நுனியைப் பிடித்தது. எடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

“சீட்டு எங்க வீட்டுக்கே வந்து கொடு. அவங்களுக்கு முன்னாடி படி. எதுவானாலும் படி. ஒரே தட்டுல சாப்புடலாம்னும் சொல்லு” என்றாள்.

“வர்றேன்க்கா.”

“நீ சாப்புட்டியா?”

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானும் இன்னிக்கு ஒருபொழுதுதான் அக்கா” என்றாள். உண்மையாகவே அப்படித்தான். விடியற்காலை விடுதியில் டீ கொண்டுவந்தபோது, வேண்டாம் என்று அவளை அறியாமலேயே சொல்லியிருந்தாள்.

அறிக்கைக்கு இன்னும் ஆறே நாள். என்ன எண் வரும் என்று தெரியாது. அந்த வரைபடம் இல்லாமலும் போகலாம், சான்றிதழ் இல்லாமலும் போகலாம். ஜீப்பின் பின்சீட்டில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அதைப்பற்றி நினைக்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வயிறு நிறையக் கூழ் இருந்தது. அம்மனுக்கு ஊற்றியதும் முதல் சொம்பைச் சாந்தம்மா அவள் கையில்தான் கொடுத்தாள். பசியில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டில் ஒட்டியதைப் புறங்கையால் துடைத்திருந்தாள்.

வண்டி நகரப் போகும்போது சாந்தம்மா ஓடிவந்தாள். கையில் இரண்டு நீலம் காய், பச்சையும் மஞ்சளும் கலந்து, காம்பில் இன்னும் பால் காயாமல்.

“சீட்டு என்னிக்குக் கண்ணு வரும்?”

“வியாழக்கிழமை நானே கொண்டு வர்றேன்க்கா.”

சாந்தம்மா விரல் விட்டு எண்ணினாள். காயைப் பெருவிரலால் லேசாக அமுக்கிப் பார்த்தாள். “இது பழுக்க அஞ்சு நாள் ஆவும். அப்ப சரியா இருக்கும்” என்றாள். ஒன்றைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். இன்னொன்றை ஜன்னல் வழியே நீட்டி ஐஸ் பெட்டியின் மூடி மேல் வைத்தாள். அது உருளாமல் இருக்க ஜெயப்ரியா கையால் பொத்திக்கொண்டாள். முன்சீட்டிலிருந்து திரும்பிய குருமூர்த்தி சட்டைப் பையைத் துழாவி, மிச்சமிருந்த ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்துச் சாந்தம்மாவின் எண்ணான பதினேழை எழுதிக் காயின் மேல் ஒட்டினார். ஜீப் மேடு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டிக்குள் குழாய்கள் ஒன்றோடு ஒன்று மெல்ல இடித்துக்கொள்ளும் சத்தம் உள்ளங்கைக்குக் கீழே கேட்டுக்கொண்டே வந்தது.